நாற்றம் நின்ற காலை

ஞாயிற்றுக்கிழமை காலை முகத்துவாரக்குப்பத்தில் எரிவாயு நாற்றம் இல்லை. ஷிஃப்டுக்கு வந்த ஆபரேட்டர் மகிழினியை கம்பெனி கேட்டிலேயே மறித்துக்கொண்டாள் சிலுவையம்மாள்.

"இன்னா மகி, மூக்கை நல்லா இழுத்துப் பாரு. இன்னா நாத்தம் வருது?"

"மீன் நாத்தம்தான் வருதுக்கா."

"அது நாத்தமா? அது எங்க வூட்டு சென்ட்டு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துரு. வண்ணாரப்பேட்டை பாயி வந்து அண்டாவை ஏத்திட்டாரு. உங்க சாரு சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு, அவரையும் இட்டுகினு வா."

எரிவாயுவுக்குச் சொந்தமாக எந்த மணமும் கிடையாது. கசிந்தால் மனிதருக்குத் தெரியட்டும் என்று, அழுகிய முட்டைக்கோசைப் போல நாறும் ஒரு பொருளை அதில் துளியளவு கலந்துவிடுகிறார்கள். அந்த நாற்றம் சித்திரை பாதியிலிருந்து குப்பத்தின் மேல் கவிந்து கிடந்தது. காலையில் வீசும் மேற்குக் காற்று அதைக் கொண்டுவந்து வீடுகளுக்குள் விடும். பகலில் கடல்காற்று எழும்பினால்தான் விலகும். விலகும்வரை அடுப்பு மூட்டவேண்டாம் என்று கம்பெனி ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது.

சிலுவையம்மாள் வீட்டுப் புதுப் படகு அதனால் கரையிலேயே நின்றது. குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு தண்ணீரில் இறங்கும் நாளில் படகுக்காரர் வீட்டுச் சாப்பாடு எல்லா வீட்டுக்கும் போகவேண்டும். ஓட்டலில் வாங்கிக் கொடுத்தால் கணக்கில் சேராது. படகின் மூக்குக்கு எதிரே, கரையிலேயே அடுப்பு எரியவேண்டும். நாற்றத்தால் நாள் குறிப்பதும் தள்ளிப்போடுவதுமாக இருந்தவள், பொறுக்கமுடியாமல் வியாழக்கிழமை பெண்களைத் திரட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டாள். மேனேஜர் எபினேசர் வெளியே வந்து கைகூப்பி, "ஞாயித்துக்கிழமை உங்க அடுப்பு எரியும்மா, நான் பொறுப்பு" என்றார்.

இப்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மகிழினிக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. செல்போனைக் கேட்டில் ஒப்படைத்துவிட்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நடக்கும்போதுதான் அந்தச் சந்தோஷத்தில் எதுவோ இடறியது. எப்படி நின்றது?

கம்பெனி சின்னது. எரிவாயுவை டேங்கர் லாரியில் வாங்கி, ஒரு பெரிய தொட்டியில் தேக்கி, சிலிண்டரில் அடைத்து அனுப்பும் வேலை. மாத்திரை வடிவில் படுத்திருக்கும் அந்த இரும்புத் தொட்டியைப் புல்லட் என்பார்கள். உள்ளே எரிவாயு பாதிக்கு மேல் திரவமாகவும் அதன் தலைக்கு மேல் ஆவியாகவும் இருக்கும். வெயில் ஏறினால் திரவம் விரியும், இன்னும் கொஞ்சம் ஆவியாகும், அழுத்தம் ஏறும். இரும்பு எவ்வளவு தாங்குமோ அதற்கு முன்பே அந்த அழுத்தம் வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் புல்லட்டின் முதுகில் நிற்கும் சேஃப்டி வால்வு.

அது அழகான கருவி. உள்ளே ஒரு துளை. துளையின் வாயில் கண்ணாடி போல மெருகேற்றிய ஒரு தட்டு. தட்டின் மேல் கனமான ஒரு ஸ்பிரிங். கீழிருந்து வாயு தள்ளுகிறது, மேலிருந்து ஸ்பிரிங் அமுக்குகிறது. வாயுவின் கை ஓங்கும் நொடியில் தட்டு எழும்பும். வேண்டிய அளவு வாயு உயரமான குழாய் வழியாக வானத்துக்குப் போனதும் தட்டு தானாகவே உட்கார்ந்துவிடும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம், யாருடைய உத்தரவும் வேண்டாம். எல்லாம் கைவிட்ட பிறகும் வேலை செய்ய வேண்டிய ஒன்று என்பதால் அதை யாரையும் நம்பாதபடி செய்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த மெருகில் ஒரு மணல்துகள் கீறினால் போதும், தட்டு ஒட்டி உட்காராது. கீறல் வழியாக வாயு ஓயாமல் சீறும். சீறும் வாயுவே கீறலை இன்னும் ஆழமாக அறுக்கும். குப்பத்துக்கு வந்த நாற்றம் அந்தக் கீறலில் இருந்து வந்தது. இப்படிக் கசியும் வால்வு நாளுக்கு நாள் மோசமாகுமே தவிர, ஒரு சனிக்கிழமை இரவில் தானாகக் குணமாகாது. புல்லட்டுக்கு இப்படிப்பட்ட வால்வு இரண்டு. ஒன்று கழற்றப்பட்டு திருவொற்றியூரில் ஒரு பட்டறைக்குப் பழுதுபார்க்கப் போயிருந்தது. அந்த இடத்தைத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றுதான் கசிந்தது. அதுவும் நின்றுவிட்டது என்றால்?

மகிழினி ஏணியில் ஏறினாள்.

சேஃப்டி வால்வுக்குக் கீழே ஒரு பந்து வால்வு இருந்தது. மேலே இருப்பதைக் கழற்றவேண்டி வரும்போது மட்டும் வாயுவை நிறுத்துவதற்காக வைத்தது. அதன் வயிற்றில் ஒரு எஃகுப் பந்து, பந்தின் நடுவே ஒரு துளை. துளை குழாயோடு நேராக நின்றால் வாயு போகும். கால்வட்டம் திருப்பினால் துளை குறுக்கே போய், பந்தின் மொட்டைப் பக்கம் வழியை அடைத்துவிடும். வெளியே கைப்பிடியைப் பார்த்தாலே நிலைமை தெரியும். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்காக இருந்தால் மூடல். சேஃப்டி வால்வுக்குக் கீழே இருப்பதை யாரும் மறந்தும் மூடக்கூடாது என்பதால், திறந்த நிலையில் கைப்பிடியைச் சங்கிலியால் குழாயோடு பிணைத்துப் பூட்டியிருப்பார்கள்.

கைப்பிடி நேராக இருந்தது. சங்கிலி இருந்தது. பூட்டு இருந்தது.

அவள் பெருமூச்சு விட்டு இறங்கப் போனாள். அப்போது கைப்பிடியின் நட்டைக் கவனித்தாள். மற்ற எல்லா நட்டிலும் உப்புக்காற்றின் துரு ஏறியிருக்க, அதில் மட்டும் ஸ்பேனர் வாய் கடித்த வெள்ளைத் தழும்பு இருந்தது. குனிந்து, கைப்பிடியைத் துளைத்துக்கொண்டு மேலே நீளும் தண்டைப் பார்த்தாள். தண்டுதான் உள்ளே பந்தைத் திருப்புவது. அதன் தலை சதுரமாக இருப்பதால் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டிவிடலாம். அதற்காகவே, பந்தின் துளை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் தண்டின் தலையில் ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். கைப்பிடியை மாற்றி மாட்டினாலும் கோடு மாறாது.

கோடு குறுக்காக இருந்தது.

யாரோ நட்டைக் கழற்றி, கைப்பிடியைச் சங்கிலியோடு தூக்கி, தண்டைக் கால்வட்டம் திருப்பி, கைப்பிடியைப் பழையபடி நேராகவே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். பூட்டைத் தொடவே இல்லை. கீழே இருந்து யார் பார்த்தாலும் எல்லாம் ஒழுங்கு. மறதியாக மூடியிருந்தால் கைப்பிடி குறுக்கே இருந்திருக்கும். இது பார்ப்பவர்களை நினைத்துப் பார்த்துச் செய்தது.

எபினேசர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ராயபுரத்துக்காரர், சிரித்த முகம், வால்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டை மறப்பவர்.

"சார், மேல வால்வு மூடிக்கீது."

"கதவைச் சாத்திட்டுப் பேசு, மகி."

"சாத்துனதெல்லாம் போதும் சார். யாரு பண்ணது?"

"நான்தான். வேற யாரையும் சந்தேகப்படாத." அவர் டம்ளரை வைத்தார். "நாளைக்கு சாயங்காலம் பட்டறையில இருந்து வால்வு வந்துரும். அதுவரைக்கும் பிரஷர் கேஜை நானே பாத்துகினு உக்காந்துருப்பேன். பிரஷர் ஏறினா புல்லட் மேல தண்ணி அடிப்போம். எனக்குத் தெரியாததையா நீ சொல்லப்போற?"

"உங்களுக்குத் தெரியும்கறதாலதான் சார் எரியுது. தெரியாதவன் பண்ணியிருந்தா திட்டிட்டு வேலையைப் பாத்துருப்பேன்."

"அந்த ஜனங்களுக்காகத்தான் பண்ணேன். வியாழக்கிழமை அந்தம்மா எம்மூஞ்சிக்கு நேரா மண்ணை வாரித் தூத்துச்சு, நீயும் பாத்தே இல்ல?"

"அவங்க ஒழுகறதை நிறுத்துனு கேட்டாங்க. நீங்க நாத்தத்தை நிறுத்திட்டீங்க. புல்லட்டைக் காலி பண்ணுங்க சார். அதான் சரி."

"காலி பண்ணா பிளான்ட் நிக்கும். மேலிடத்துக்கு யாரு பதில் சொல்றது? இப்ப ஒரு லோடு வந்துகினு இருக்கு. போய் இறக்கு."

"இன்னும் ஒரு லோடா?" அவள் குரல் அறைக்கு வெளியே கேட்டது. "மேல ஆவிக்கு இருக்கற கொஞ்சம் எடத்தையும் ரொப்பப் போறீங்களா? அக்னி வெயில்ல?"

"நீ இறக்கலைன்னா நான் இறக்கறேன்."

மகிழினி தலைமை அலுவலகத்துக்கு, மேஜை மேலிருந்த போனிலேயே அவர் எதிரில் பேசினாள். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எபினேசர் சொல்கிறபடி செய்யுங்கள் என்றார். எபினேசர் டீயை எடுத்து மீண்டும் உறிஞ்சினார். அந்தச் சத்தம் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வால்வைத் திறப்பது பெரிய வேலை இல்லை. அவர் செய்ததையே திருப்பிச் செய்தால் போதும். ஆனால் திறந்தால் வாயு வரும். காற்று மேற்கே இருந்து வீசிக்கொண்டிருந்தது. குப்பத்துக் கரையில் விறகடுப்பு எரிந்தது. கடல்காற்று எழும்பும்வரை காத்திருக்கலாம் என்றால், அது எழும்பாத நாளில்தான் வெயில் உச்சத்துக்குப் போகும். அவள் கேட்டைத் தாண்டிக் கரைக்கு ஓடினாள்.

படகு நீலமும் மஞ்சளுமாக மாலை போட்டு நின்றது. சமையல்காரர் சௌக்கத் அலி பாய் அண்டாவில் நீளமான கரண்டியை விட்டு அரிசியைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள் வெங்காயம் உரித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அடுப்பை அணைங்க."

"இன்னாம்மா வெளையாடறியா?" என்றார் பாய். "அரிசி அரை வேக்காட்டுல நிக்குது. நீ வந்து வாயால ஊதி வேகவப்பியா?"

சிலுவையம்மாள் எழுந்து வந்தாள். "நாத்தந்தான் நின்னுபோச்சே மகி."

"நிக்கலக்கா. உள்ள கீது."

"உள்ளன்னா?"

"குக்கர் கீதுல்ல..."

"த்தோடா, ஆரம்பிச்சுட்டா!" சிலுவையம்மாள் மற்றவர்களைப் பார்த்துக் கையை விரித்தாள். "இதே குக்கர் கதையைத்தான் போன வருசம் பாதுகாப்பு தினம்னு கூட்டம் போட்டு உங்க சாரு சொன்னாரு. விசிலை அடைக்காதீங்கம்மா, உசிருக்கு ஆபத்துன்னு. கையில ஜூஸை வேற குடுத்தாரு."

"அவருதான்க்கா இப்ப விசிலை அடைச்சு வெச்சிக்கீறாரு."

வெங்காயம் உரித்த கைகள் நின்றன. சிலுவையம்மாள் அவள் கண்ணையே பார்த்தாள். "வெடிக்குமா?"

"வெடிச்சுரும்னு நான் சொல்லல. வெடிக்காம காப்பாத்த ஒண்ணு இருந்துச்சு, அது இப்ப இல்ல. வெயிலு ஏறுது. அதுல இன்னொரு லாரி கேசை இறக்கப் போறாங்க."

"அந்த வால்வைத் தொறந்துட்டா?"

"நாத்தம் திரும்ப வரும். காத்து இந்தப் பக்கந்தான் அடிக்குது. நெருப்பு இருக்கக்கூடாது."

"அப்ப எம்படகு?"



சிலுவையம்மாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். பாய், "யம்மா, யம்மா, இருங்கம்மா!" என்று கத்திக்கொண்டே ஓடிவருவதற்குள் அடுப்பில் கவிழ்த்தாள். சாம்பல் குபீரென்று எழுந்து அண்டாவிலும் படகின் மாலையிலும் படிந்தது. இரண்டாவது அடுப்புக்கு இன்னொரு குடம். காலிக் குடத்தை மகிழினியின் காலடியில் எறிந்தாள்.

"இத்தினி நாளா இன்னா பண்ணிகினு இருந்தே நீ? அடுப்பை மூட்டாத, அடுப்பை மூட்டாதன்னு மைக்குல கத்தத் தெரிஞ்சுதுல்ல? இன்னா ஒழுகுது, எங்க ஒழுகுது, மூடுனா இன்னா ஆவும்னு ஒரு வார்த்தை சொன்னியா? தெரிஞ்சிருந்தா நிறுத்துன்னா கேட்டுருப்பேன்? காலி பண்ணுன்னு கேட்டுருப்பேன்! எம்வாயாலயே அந்தாளுக்கு யோசனை குடுக்க வெச்சுட்டீங்களேடி!"

"அக்கா..."

"போ. போய்த் தொற. இங்க ஒரு பீடி கூட எரியாது, நான் பாத்துக்கறேன். போ!"

மகிழினி திரும்பி ஓடினாள். பித்தளை ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள். இரும்பு இரும்பில் உரசினால் பொறி பறக்கும், பித்தளையில் பறக்காது. ஏணியின் பாதியில் இருக்கும்போதே எபினேசர் கீழே வந்துவிட்டார்.

"மகி, எறங்கு! உன் வேலை போயிரும்!"

அவள் இடுப்பிலிருந்த கேட் பாஸை அவிழ்த்துக் கீழே போட்டாள். அவர் குனிந்து அதை எடுக்கவில்லை. ஏணியில் ஏறவும் இல்லை. வாயு இருக்கும் குழாய்மேல் ஸ்பேனர் வைத்திருப்பவளிடம் மல்லுக்கட்டக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான்.

நட்டு எளிதாகக் கழன்றது. கைப்பிடியைச் சங்கிலியோடு தூக்கி ஓரமாகத் தொங்கவிட்டாள். தண்டின் தலையை ஸ்பேனரில் கவ்வி மெதுவாகத் திருப்பினாள். சட்டென்று திறந்தால் வாயு முட்டி, மேலே இருக்கும் தட்டு அதிரும். கோடு நகர்ந்து நகர்ந்து குழாயோடு நேரானது. தலைக்கு மேலே பழைய சீறல் கேட்டது. அவள் கைப்பிடியை மறுபடியும் அதே இடத்தில், அதே திசையில் மாட்டி நட்டை முறுக்கினாள். கீழே இருந்து பார்த்த எபினேசருக்கு கைப்பிடியில் எதுவுமே மாறியதாகத் தெரிந்திருக்காது.

நாற்றம் வேலியைத் தாண்டிக் குப்பத்துப் பக்கம் போனது. சற்று நேரத்தில் அங்கிருந்து மனிதர்கள் வந்தார்கள்.

லோடு லாரி அப்போதுதான் கேட்டுக்கு வந்து நின்றிருந்தது. சிலுவையம்மாள் நேராகப் போய் அதன் முன்சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். முழங்கை வரை சாம்பலும் நனைந்த புடவையுமாக மற்றவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"யம்மா, நான் இன்னா பண்ணேன்? என்னை ஏன் பேஜாரு பண்றீங்க?"

"நீ ஒண்ணும் பண்ணல நைனா. வண்டியை ஆஃப் பண்ணு, பின்னாலயும் கேசு கீது, முன்னாலயும் கேசு கீது, எதுவும் பத்திக்கக் கூடாது. வந்த வழியே போயிடு. இங்க இறக்க எடமில்ல."

எபினேசர் கேட்டின் கம்பிகளுக்கு உள்ளே வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் பழைய சிரிப்பு பாதி வந்தது. "வால்வு தொறந்தாச்சும்மா. இப்ப பயமே இல்ல. த்தோ, இங்க இருந்தே பாக்கலாம், கைப்பிடி நேரா..."

"காலையிலயும் நேராத்தான்யா இருந்துச்சுன்னு மகி சொல்லிட்டா!" சிலுவையம்மாள் எழுந்துவிட்டாள். "உன்னை நம்பித்தானே நாங்க அண்டாவை ஏத்தினோம்? ஊரைக் கூப்ட்டோம்? குழந்தைங்களை அடுப்பாண்ட வெளையாட வுட்டோம்? உன் கைப்பிடியை நீயே வெச்சுக்க. காலி லாரியை வரச்சொல்லு. உள்ள இருக்கறதை எடு. எடுக்கறவரைக்கும் இந்த வண்டியும் உள்ள போவாது, நானும் எடத்தை வுட்டுப் போவமாட்டேன்."

"எடுக்கறோம்மா. சொல்றேன்."

"சொல்றேன் இல்ல. இப்பவே, என் காது கேக்க சொல்லு."

எபினேசர் மகிழினியைப் பார்த்தார். அவள் கேட்டுக்கு வெளியே, பாஸ் இல்லாமல், மற்றப் பெண்களோடு நின்றிருந்தாள். அவர் செக்யூரிட்டி அறைக்குப் போய் அங்கிருந்த போனில் பேசினார். கதவு திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. சேஃப்டி வால்வு சரியில்லை, புல்லட்டைக் காலி செய்யவேண்டும், காலி டேங்கர்கள் வேண்டும், ஆமாம் இன்றைக்கே. மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "நான்தான் மூடினேன்" என்றார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. லோடு லாரியைக் குப்பமே கூடித் தள்ளிக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோன பிறகுதான் டிரைவர் என்ஜினைத் தொட்டார்.

அதோடு முடிந்தது என்று எபினேசர் நினைத்திருக்கவேண்டும். கூட்டம் கலையவில்லை.

"கேட்டைத் தொற" என்றாள் சிலுவையம்மாள்.

"எதுக்கும்மா?"

"நான் மேல ஏறிப் பாக்கணும். தொறந்துகீதா இல்லையான்னு."

"வெளி ஆளுங்களை உள்ள வுட எனக்கு அனுமதி இல்லம்மா. ரூல்ஸ்."

"ரூல்ஸா?" அவள் கம்பிகளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் செக்யூரிட்டி பின்வாங்கினார். "ரூல்ஸை எங்கிட்ட சொல்றியா நீ?"

எபினேசர் தாழ்ப்பாளைத் தானே இழுத்தார். மகிழினி சொல்லிக்கொடுத்தபடி சிலுவையம்மாள் செல்போனையும், அடுப்புக்காக முந்தானையில் முடிந்துவைத்திருந்த தீப்பெட்டியையும் செக்யூரிட்டியிடம் கொடுத்தாள். யாரோ ஒரு தலைக்கவசத்தை நீட்டினார்கள். அதைக் கொண்டைக்கு மேல் அமுக்கிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, படகில் ஏறுகிற மாதிரியே பக்கவாட்டில் ஏணியில் ஏறினாள். மகிழினியும் பின்னால் ஏறினாள். எபினேசர் தடுக்கவில்லை.

மேலே வெயில் இரும்பில் பட்டுக் கொதித்தது. சீறல் தலைக்கு மேலே உயரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்க?"

"கைப்பிடியைப் பாக்காதீங்கக்கா. இங்க பாருங்க. இந்தத் தண்டு தலையில."

சிலுவையம்மாள் குனிந்து, மீன் வெட்டிக் காய்த்துப்போன கட்டைவிரலை அந்தக் கோட்டின் மேல் வைத்தாள். விரலை அப்படியே நீட்டிக் குழாயின் திசையோடு ஒத்துப் பார்த்தாள்.

"குழாயும் இப்படிப் போவுது, கோடும் இப்படிப் போவுது. தொறந்துகீது."

"ஆமாக்கா."

"குறுக்க இருந்தா மூடிக்கீது."

"ஆமா."

"இத்தப் படிக்கத்தான் எங்களுக்கு அறிவு பத்தாதுன்னு நெனச்சீங்க." அவள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. கீழே கேட்டருகே நின்ற பெண்களைப் பார்த்து, "தொறந்துதான்டி கீது! சீனியம்மா, அடுத்து நீ ஏறி வா!" என்று கத்தினாள். பிறகு புல்லட்டின் அடிப்பக்கம் வரிசையாக நிற்கும் குழாய்களின் மேல் கண்ணை ஓட்டினாள்.

"த்தோ, அந்த செவப்புச் சக்கரம். அது இன்னா? அத்த மூடுனா எங்களுக்கு இன்னா ஆவும்? சொல்லு. எல்லாத்தையும் சொல்லி முடிக்கறவரைக்கும் நான் எறங்கமாட்டேன்."